சேனை வைத்தவன்

பிப்ரவரி 5, வியாழன்

இன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு தேர்வுக் குழு கூடியது. பல்கலைக்கழகத்தில் நான் பார்த்த எந்தக் குழுவும் இவ்வளவு கறாராக இருந்ததில்லை. உறுப்பினர்கள் மூவர்: அம்மா, முசிறியிலிருந்து வந்திருக்கும் கோமளம் அத்தை, நிறைமாத வயிற்றோடு சாய்ந்திருந்த என் தங்கை அரசி. கோமளம் அத்தை அரசியின் மாமியார்.

நிரப்ப வேண்டிய பதவி: பிறக்கப்போகும் குழந்தைக்குச் சேனை வைப்பவர்.

பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகத் தேனைத் தொட்டு வைப்பதை எங்கள் பக்கம் சேனை என்பார்கள். வைத்தவரின் குணம் அப்படியே குழந்தைக்கு வந்துவிடும் என்பது நம்பிக்கை. எனவே ஆள் முக்கியம்.

"பெரியப்பாவ வைக்கச் சொல்லலாமா?" என்றாள் அம்மா.

"வாயத் தொறந்தா நல்ல வார்த்தையே வராதே" என்றாள் அரசி.

"சாரதா டீச்சர்?"

"தங்கமான மனுஷி. ஆனா எந்நேரமும் தலவலி. புள்ளைக்கு வந்துடுச்சுன்னா?" என்றாள் அத்தை. "எங்க தம்பிய வரச் சொல்லட்டா?"

"அத்தை, அவரு எங்க கல்யாணத்துலயே ரசம் வரலன்னு எலையத் தூக்கிட்டுப் போனவரு."

பிறகு அம்மாதான், வேறு சாமான் கிடைக்காதபோது இருப்பதை வைத்துச் சமைக்கும் குரலில் சொன்னாள்:

"நம்ம ஞானத்த வச்சா என்ன? சண்டைக்குப் போக மாட்டான். சத்தமா ஒரு வார்த்த பேச மாட்டான்."

"அதுவும் சரிதான். டாக்டருக்கு வேற படிக்கிது" என்றாள் அத்தை.

"அது ஊசி போடற டாக்டர் இல்ல அத்தை" என்றாள் அரசி.

"எந்த டாக்டரா இருந்தா என்ன? பேருக்கு முன்னால வருதுல்ல?"

தேர்வு முடிந்தது. சிவஞானம், வயது இருபத்தொன்பது, போட்டியின்றி. தத்துவத் துறையில் ஆறாவது வருட ஆய்வு மாணவன். தலைப்பு: செயலுக்கு முன் வரும் தயக்கம். வீட்டில் இருந்தால் எழுதிவிடுவேன் என்று துறையூருக்கு வந்து ஒன்பது மாதம் ஆகிறது. இந்த ஒன்பது மாதத்தில் வீட்டில் ஏதோ ஒன்று முழுமையாக உருவாகியிருக்கிறது என்றால் அது அரசியின் வயிற்றில்தான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

காலை பத்து நாற்பதுக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ தொள்ளாயிரம். அழுகை நடைபாதையின் கடைசி வரை கேட்டது.

என் பங்கு: எல்லோருக்கும் டீ வாங்கி வந்தேன். அதில் இரண்டை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

நர்ஸ் வந்து, "தாய்ப்பால் தவிர வாயில ஒரு சொட்டு எதுவும் வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார். "சரிங்க சிஸ்டர்" என்று நான்கு குரல்கள். கதவு சாத்தியதும் அத்தை பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். பச்சைமலைத் தேன். கடைச்சரக்கு இல்லை, சொல்லி வைத்து வாங்கியது. அம்மா கதவோரம் காவலுக்கு நின்றாள்.

கிழக்குப் பார்த்து ஒரு நாற்காலி போட்டார்கள். எனக்கு. தோளில் புதுத் துண்டு. நான் உட்கார்ந்ததும் அத்தை, அம்மா, ஓசூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை தர்மலிங்கம், மூவரும் நின்றார்கள். ஒருவர் உட்கார்ந்திருக்கப் பெரியவர்கள் நிற்பதை எங்கள் குடும்பத்தில் நான் பார்த்ததில்லை. உட்கார்ந்திருந்தவனோ நான்.

குழந்தையை மடியில் வைத்தார்கள். மோதிர விரலைத் தேனில் தொட்டு நாக்கில் வைத்தேன். மூன்று முறை. அவள் என் விரல் நுனியை நாக்கால் பிடித்து இழுத்தாள். அவ்வளவு பலத்தோடு என்னை யாரும் எதற்கும் பிடித்ததில்லை.

"அழுவாம வாங்கிக்கிச்சு பாரு. மாமன் கொணம் ஏறிடுச்சு!" என்றாள் அத்தை.

அரசி படுத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நல்ல நாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

தேனைப் பற்றிச் சில நல்ல செய்திகள். தொண்டைக் கமறலுக்கு ஆகும். இருமலைக் கொஞ்சம் தணிக்கும். தீக்காயத்தில் வைத்துக் கட்டுவதற்கென்றே சுத்தம் செய்த தேன் மருத்துவமனைகளில் உண்டு. நல்ல தேன் எளிதில் கெடாது. ரத்தக் கொழுப்புக்கு நல்லதாக இருக்கலாம். தூக்கத்துக்கு உதவலாம். படித்த கட்டுரைகள் எல்லாம் "இருக்கலாம்" என்றுதான் முடிகின்றன. எனக்கு மிகவும் பிடித்த சொல். என் ஆய்வேட்டில் முதல் அத்தியாயத்தில் மட்டும் அறுபது இடத்தில் வருகிறது.

இதையெல்லாம் திடீரென்று ஏன் படிக்கிறேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 11, புதன்

குழந்தை நன்றாகத் தூங்குகிறது. மிகவும் நன்றாக.

பிப்ரவரி 12, வியாழன்

இன்று வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஆரத்தி. நான் ஆட்டோவிலிருந்து பைகளை இறக்கினேன், தொட்டில் கம்பி வாங்கி வந்தேன், கொசுவலையை இரண்டு முறை தப்பாகக் கட்டினேன்.

சரி. எழுதிவிடுகிறேன். எனக்கு முன்பே தெரியும்.

போன வருடம் இளம் தாய்மாருக்கான ஒரு கையேட்டைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். பதினான்காவது விதி: ஒரு வயது முடியும்வரை குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் சில சமயம் ஒரு கிருமியின் வித்து தூங்கிக்கொண்டிருக்கும். வளர்ந்தவர்கள் வயிற்றில் அது பேசாமல் கடந்து போய்விடும். சிசுவின் குடலில் முளைக்கும், நஞ்சை விடும். பெரும்பாலும் முதலில் மலம் நிற்கும். பிறகு அழுகை மெலியும், இமை தொங்கும், பால் உறிஞ்ச முடியாமல் போகும், கழுத்து துவளும். அதற்குப் பிறகு மூச்சு.

மூன்று நாளிலும் தெரியலாம், முப்பது நாளும் ஆகலாம்.

மூலத்தில் இருந்தது கண்டிப்பான வாக்கியம். தாய்மாரை அதட்டுவது போலிருக்கிறதே என்று நான் "தேனைத் தவிர்ப்பது நல்லது" என்று எழுதிக் கொடுத்தேன். மென்மையான நடை என்று பாராட்டினார்கள்.

அபூர்வமாக வருவதுதான். ஆனால் அபூர்வம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

தயக்கத்தை ஆறு வருடம் ஆராய்ந்தவன், தயங்கியே ஆக வேண்டிய ஒரே இடத்தில் தயங்கவில்லை. தெரிந்தும் ஏன் வைத்தேன்? இதற்குக் கீழே பதிலெழுத ஒரு பக்கம் விட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

ஆய்வுக் குறிப்புகளுக்காக வைத்திருந்த பச்சை நோட்டில் கோடு போட்டேன். தேதி, நேரம், நிறம், அளவு. இன்று நான்கு முறை. மஞ்சள்.

துணிகளை நான் அலசுகிறேன் என்றேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னடா புதுசா? குடிச்ச டம்ளரக் கழுவாதவன் பீத்துணி அலசறேங்கற?"

"சும்மாதாம்மா."

"அலசறவன் அலச வேண்டியதுதானே? அத ஏன் வெளிச்சத்துல தூக்கிப் பாக்கற?"

"பாசம் சம்பந்தி, பாசம்" என்றாள் அத்தை. "தாய்மாமன்னா சும்மாவா?"

பிப்ரவரி 15, ஞாயிறு

மூன்று முறை. அழுகை: பலமாக. இமை: சரி.

காலையில் அத்தை வழக்கம்போல் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து தேன் விட்டுக் குடித்தாள். உடம்பு இளைக்க. எட்டு வருடமாகக் குடிக்கிறாள். எட்டு வருடமாக அவளுடைய வளையல்கள் அதே இடத்தில்தான் இறுகி நிற்கின்றன.

அம்மாவும் தனக்கு ஒரு டம்ளர் கலக்கிக்கொண்டாள். இரண்டு கரண்டி தேன். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி.

"அம்மா, உனக்கு இது ஆகாது."

"தேன்தானடா. சீனியா போட்டேன்?"

"தேனும் சர்க்கரைதாம்மா. ரத்தத்துல ஏத்தத்தான் செய்யும். இயற்கையா வந்ததுன்னு ரத்தத்துக்குத் தெரியாது."

"போடா, மலைத்தேன் ஒண்ணும் பண்ணாது."

விடவில்லை. பத்து நிமிடம் பேசினேன். எண்கள் சொன்னேன். டம்ளரைக் கையிலிருந்து வாங்கிக் கீழே கொட்டினேன். அத்தை வியந்து, "புள்ள வெவரமாத்தான் பேசுது. தேனப் பத்தி இவ்ளோ தெரிஞ்சு வச்சிருக்கு!" என்றாள்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். கொட்டின தேன் தரையில் இருந்தது, பேச்சு நடுவில் இருந்தது, இரண்டு பெண்களும் கேட்கும் மனநிலையில் இருந்தார்கள். நான் தரையைத் துடைத்தேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

அரசியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு. அம்மாவும் அத்தையும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அரசி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுண்ணே."

"அது வந்து, சேனை வைக்கறதுன்னு ஒரு பழக்கம் இருக்குல்ல, அத மானிடவியல் கோணத்துல பாத்தா..."

"அண்ணே, டீ வேணும்னா டீ வேணும்னு சொல்லு. எதுக்குச் சுத்தற?"

டீ குடித்தேன். நான்தான் போட்டேன். அவளுக்கும் கொடுத்தேன்.

பிப்ரவரி 18, புதன்

ஒரு முறை. கொஞ்சம்.

பிப்ரவரி 19, வியாழன்

இல்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

இல்லை. நோட்டில் அந்தக் கட்டம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது.

பிப்ரவரி 21, சனி

மூன்றாவது நாள். பாலுக்கு எழுப்ப வேண்டியிருக்கிறது. நாலு இழுப்பு, தூக்கம்.

"மூணு நாளாவா போவல? வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?" என்றாள் அத்தை. "வெத்தலக் காம்ப வெளக்கெண்ணெயில தொட்டு வச்சா ஆச்சு."

"பச்ச ஒடம்பு சம்பந்தி, அதெல்லாம் வேணாம்" என்றாள் அம்மா.

"அப்ப சேனைக்கு வாங்கின தேன் மிச்சம் இருக்குல்ல? வெந்நியில ரெண்டு சொட்டு வுட்டா தானா எளகிடும். குளிச்சிட்டு வந்து கலக்கித் தரேன்."

குளியலறைக் கதவு சாத்தியது. சமையலறை அலமாரியில் பாட்டில். முக்கால் பங்கு தேன்.

எனக்கு இருந்தது பத்து நிமிடம். உண்மையைச் சொல்லலாம் என்பது முதலில் தோன்றியது. நல்ல யோசனை என்று மனதுக்குள் பாராட்டிவிட்டு அடுத்ததற்குப் போனேன். ஒளித்து வைத்தால் தேடுவார்கள். தொட்டியில் கொட்டினால் எறும்பு காட்டிக்கொடுக்கும். தண்ணீர் விட்டுக் கழுவ ஆரம்பித்தால் அம்மா வந்துவிடுவாள்.

குடித்தேன்.

முதல் நான்கு வாய் இனித்தது. பிறகு தொண்டை எரிந்தது. பாதியில் காது அடைத்தது. பாட்டிலைக் கவிழ்த்து நாக்கை நீட்டிக்கொண்டு கடைசிச் சொட்டு இறங்கக் காத்திருந்தபோது அம்மா உள்ளே வந்தாள்.

"என்னடா பண்ற?"

"இருமல்."

"இருமலுக்கு முக்கா பாட்டிலா?"

அத்தை ஈரத் தலையோடு ஓடி வந்தாள். "அடப்பாவி! பச்சப்புள்ள மருந்த வழிச்சுக் குடிச்சிட்டு நிக்கிது பாரு. இருவத்தொம்போது வயசு!"

தேனின் குணங்கள் பற்றி இனி நான் அனுபவத்திலிருந்து பேசலாம். மலத்தை இளக்கும் என்பது உண்மை. மதியத்திலிருந்து எனக்கு ஆறு முறை. நோட்டில் பழக்க தோஷத்தில் குறித்துவிட்டு, பிறகு அடித்தேன்.

குழந்தைக்கு இன்றும் இல்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

காலையில் அவள் அழுதாள். பக்கத்து அறையிலிருந்த எனக்குக் கேட்கவில்லை. போய்ப் பார்த்தபோதுதான் வாய் திறந்திருப்பது தெரிந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை விடுமுறைக்கு வந்திருந்தார். காரை எடுத்தார்.

குழந்தை மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி. நிமிராமல் கேட்டார்.

"தாய்ப்பால் மட்டுந்தானா?"

"ஆமாங்க டாக்டர்" என்றாள் அரசி.

"வேற ஏதாவது? தண்ணி, கிரைப் வாட்டர், சர்க்கரத் தண்ணி, தேன்?"

"ஒண்ணுமே இல்லீங்க" என்றாள் அம்மா.

"எங்க வூட்டுல அந்தப் பழக்கமே கெடையாதுங்க" என்றாள் அத்தை.

ஒத்திகை பார்க்காத மூன்று பொய்கள், ஒன்றையொன்று இடிக்காமல். இவர்கள் கெட்டவர்கள் இல்லை. டாக்டரிடம் திட்டு விழாத பதிலைச் சொல்வதுதான் எங்கள் ஊரில் டாக்டருக்குக் கொடுக்கும் மரியாதை. என்னை யாரும் கேட்கவே இல்லை. அப்படியே நின்றிருக்கலாம். டாக்டர் ஏதோ எழுத ஆரம்பித்துவிட்டார்.

"தேன் வச்சோம்."

"என்ன?" முதல்முறையாக நிமிர்ந்தார்.

"தேன். மூணு சொட்டு. பொறந்த மறுநாள். நாந்தான் வச்சேன்."

"அது ஒளறுது டாக்டர்" என்றாள் அத்தை. "நேத்துலேர்ந்து அதுக்கே வயிறு சரியில்ல."

"வைக்கக் கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் வச்சேன்."

பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "என்ன படிச்சிருக்கீங்க?"

"பிஎச்டி பண்றேங்க."

"எதுல?"

"தத்துவத்துல."

"ம்" என்றார். அந்த "ம்"மை என் வாய்மொழித் தேர்வாக எடுத்துக்கொண்டேன். முடிவும் அதிலேயே இருந்தது.

டாக்டர் எழுந்து வந்தார். குழந்தையின் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கைகளைப் பிடித்து மெல்லத் தூக்கிக் கழுத்தைப் பார்த்தார். உள்ளங்காலைச் சுண்டினார். வாயில் விரலை வைத்துக் காத்திருந்தார். நான் அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இழு, இழு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போல. மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உறிஞ்சறா. ஆனா இன்னும் நல்லா உறிஞ்சணும்" என்றார் டாக்டர். "ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும். மூச்சு, கண்ணு எல்லாத்தையும் பாத்துட்டே இருக்கணும். மாற்றம் தெரிஞ்சா உடனே திருச்சிக்கு அனுப்பிடுவேன். இவர் சொல்லலன்னா எனிமா எழுதி வீட்டுக்கு அனுப்பியிருப்பேன், தெரியுமா?"

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அரசி என்னைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

மருத்துவமனை. குழந்தையின் பாதத்தில் ஒரு சிறிய விளக்குப் பட்டி கட்டியிருக்கிறார்கள். திரையில் ரத்த ஆக்சிஜன் எண். அதைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

அம்மா கஞ்சி வாங்கக் கீழே போனபோது அரசி கேட்டாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"எப்பத்துலேர்ந்து தெரியும் ஒனக்கு?"

"போன வருஷத்துலேர்ந்து."

"பாப்பா சரியா பால் குடிக்கலன்னு நான் பொலம்பிட்டிருந்தேன். அப்பவும் தெரியும்."

"ம்."

"ஏண்ணே வச்ச?"

மரபு, கூட்டத்தின் அழுத்தம், அம்மாவின் நம்பிக்கை. மூன்று தத்துவவாதிகளின் பெயர்களும் வரிசையாக வந்தன. ஒன்றும் உதவவில்லை.

"நாற்காலி போட்டாங்க" என்றேன்.

"என்னது?"

"எனக்குன்னு நாற்காலி போட்டு, எல்லாரும் நின்னாங்க. வேணாம்னு சொன்னா எந்திரிக்க வேண்டியிருக்கும்னு..."

அவள் வெகுநேரம் என்னையே பார்த்தாள். பிறகு குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா கஞ்சியோடு வந்ததும் சொன்னாள்: "அம்மா, அண்ணன வீட்டுக்குப் போகச் சொல்லு."

அம்மா சொன்னாள். நான் நடைபாதை வரை போனேன். அங்கேயே உட்கார்ந்துகொண்டேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

பதினொன்று இருபது. மஞ்சள். ஏராளம்.

அத்தை அறையிலிருந்து வெளியே ஓடி வந்து, "போயிருச்சு! போயிருச்சு!" என்று கத்தினாள். எதிர் அறைக்காரர்கள் யாரோ இறந்துவிட்டதாக நினைத்து எழுந்து நின்றார்கள். நர்ஸ் விளக்கம் சொன்னதும் அவர்களும் சிரித்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் என் கையைக் குலுக்கினார்.

மாலையில் டாக்டர் வந்தார். பால் நன்றாக இழுக்கிறாள், கழுத்து நிற்கிறது, கண் சரி. "தேனால வந்ததா இல்லாமயே இருக்கலாம். தாய்ப்பால் குடிக்கற சில குழந்தைங்க அஞ்சாறு நாள் கூடப் போகாம இருக்கும். ஆனா முப்பது நாள் முடியற வரைக்கும் கண்ண எடுக்காதீங்க."

"இருக்கலாம்." முதல்முறையாக அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 25, புதன்

வீடு. அத்தை முசிறிக்குக் கிளம்பினாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

சாப்பிடும்போது அம்மா தானாகவே ஆரம்பித்தாள். "அந்தக் காலத்துல எல்லாருக்குந்தான் வச்சாங்க. ஒனக்கும் வச்சோம்."

"யார் வச்சா?"

"ஒங்க சின்னத் தாத்தா. நல்ல மனுஷன். எதையும் ஆரம்பிப்பாரு, முடிக்க மாட்டாரு."

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

மார்ச் 2, திங்கள்

அரசி என்னிடம் நேராகப் பேசுவதில்லை. எல்லாம் அம்மா வழியாக. நான் எதிரிலேயே நின்றாலும்.

"அம்மா, அண்ணன துண்டு எடுத்துட்டு வரச் சொல்லு."

எடுத்துக்கொண்டு போனால்:

"அம்மா, அது இல்லன்னு சொல்லு."

அம்மா அடுப்படியிலிருந்து, "ரெண்டு பேரும் அங்கதானடி இருக்கீங்க, எனக்கென்ன தபால் வேலையா?" என்று கத்துகிறாள்.

நோட்டு தொடர்கிறது. இன்று மூன்று முறை. அழுகை பலம். இமை சரி. நான் தொட்டிலுக்கு அருகில் போனால் அரசி தடுப்பதில்லை. எழுந்து போய்விடுகிறாள். பிறகு கதவோரம் நின்று பார்க்கிறாள்.

மார்ச் 6, வெள்ளி

அத்தையிடமிருந்து அம்மாவுக்குப் போன். ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள், எனக்கும் கேட்டது. குழந்தைக்கு ஆனதற்கு அத்தை காரணம் கண்டுபிடித்துவிட்டாள்: தேனில் குற்றமில்லை, வைத்த ஆள் சரியில்லை. பெயர் வைக்கும் அன்று நல்ல ஆளாகப் பார்த்து மறுபடி வைத்துவிட்டால் பழைய தோஷம் போய்விடும்.

அத்தையின் வாதத்தில் பாதி உண்மை. ஆள் சரியில்லை என்ற பாதி.

"வேணாம்னு சொல்லும்மா" என்றேன்.

"நீ சொல்லு. மாப்ளயோட அம்மாகிட்ட நான் எப்படிடா சொல்றது? வர்றப்ப பாத்துக்கலாம்."

மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். "அம்மாகிட்ட நான் பேசறேன் மச்சான்" என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். நான் என் ஆய்வு நெறியாளரிடம் "அடுத்த வாரம் அனுப்பிடறேன் சார்" என்று சொல்லும் குரல்.

மார்ச் 11, புதன்

தேன் வைத்ததிலிருந்து முப்பதாவது நாள். பெயர் வைக்கும் விழா. முப்பது பேர், வாசலில் சாமியானா, கேசரி. காலை ஐந்து மணிக்கே குழந்தையின் இமையைப் பார்த்துவிட்டேன். சரி.

அத்தை வந்தாள். கூடவே வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் கோதண்டபாணி. முசிறிப் பக்கம் சேனைக்கு இவரைத்தான் தேடி வருவார்களாம். கையில் புது பாட்டில்.

நறுமுகை என்று பெயர் வைத்தார்கள். மாப்பிள்ளை மூன்று முறை காதில் சொன்னார். குழந்தை தூங்கிவிட்டது. அரசி தொட்டிலில் போட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது அத்தை, "அய்யா, வாங்க" என்றாள். பெரியவர் பாட்டிலைத் திறந்து விரலை நனைத்தார்.

மாப்பிள்ளையைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரசி கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தாள், வாய் திறக்கவில்லை. மாமியார், முப்பது பேர், முதல் விசேஷம். அவள் யாரைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் பார்க்கவில்லை.

"வேணாங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. கேசரித் தட்டுகள் போய்க்கொண்டிருந்தன.

"வேணாம்!"

இந்த முறை தட்டுகள் நின்றன.

போஸ்ட்மாஸ்டர் பொறுமையானவர். "தம்பி, இதுவரைக்கும் பதினோரு புள்ளைங்களுக்கு வச்சிருக்கேன். ஒருத்தன் கனடாவுல இருக்கான். ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆவல" என்றார்.

"நல்லா இருக்கட்டுங்க. பதினோரு பேரும் தப்பிச்சாங்க. பன்னெண்டாவதா எங்க பாப்பாவ வச்சுப் பாக்க வேணாம்."

"நீ யாரு வேணாங்கறதுக்கு?" அத்தையின் குரல் சாமியானா முழுக்கக் கேட்டது. "தெரிஞ்சே வச்சவந்தான நீ? டாக்டரே கேட்டாங்களே, என்ன படிச்சிருக்கன்னு!"

அதுவரை தெரியாதவர்களுக்கும் தெரிந்துபோயிற்று. பெரியப்பா, சாரதா டீச்சர், ரசத்துக்குக் கோபித்துக்கொண்டு போன அத்தையின் தம்பி, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முகம் கொதித்தது. உட்காரத் தோன்றியது. ஓடத் தோன்றியது.

"ஆமா அத்தை. தெரிஞ்சே வச்சவன்தான். அதான் சொல்றேன். ஒரு வயசு முடியற வரைக்கும் கூடாது. யாரு வச்சாலும் கூடாது. எவ்ளோ நல்லவங்க வச்சாலும் கூடாது!"

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பெரியவர் நனைத்த விரலை என்ன செய்வதென்று தெரியாமல் நீட்டியபடியே நின்றார். அத்தை பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். "அம்மா, இரும்மா" என்று மாப்பிள்ளை பின்னால் ஓடினார். அவர்களுக்குப் பின்னால் அம்மா, கையில் கேசரிக் கரண்டியோடு. போகிற போக்கில் என்னைப் பார்த்த பார்வைக்கு இன்னும் எத்தனை நாள் பதில் சொல்ல வேண்டியிருக்குமோ.

தொட்டில் அசைந்தது. நறுமுகை விழித்துவிட்டாள். அழுதாள். தெருவில் போன தண்ணீர் வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

"அண்ணே, எதுக்கு இப்படிக் கத்தற?" என்றாள் அரசி. "இப்பத்தான் தூங்க வச்சேன்."

அம்மா பக்கத்தில் இல்லை. என்னிடம்தான் சொன்னாள். பதினாறு நாளுக்குப் பிறகு.

"சரி" என்றேன். அதுவும் சத்தமாகத்தான் வந்தது.

"மெதுவாண்ணே!"